பொலிகுதிரைத் தேர்வு

பொலிகுதிரைத் தேர்வு என்பது ஒரு பெட்டைக் குதிரையை இனப்பெருக்கத்துக்கு விடும்போது அதற்குப் பொருத்தமான ஆண்குதிரையைத் தெரிந்தெடுக்கும் முறை ஆகும். இனப்பெருக்கத்துக்கென்றே விதையடிக்காமல் வளர்க்கப்படும் ஆண்குதிரை பொலிகுதிரை எனப்படும். உடலமைப்பு, கால்வழி, உழைப்புத் திறன், குணம், கருவுறச் செய்யும் ஆற்றல், நோயின்மை, முன்னர் ஈன்ற குட்டிகளின் தரம் ஆகியவை இத்தேர்வில் கருதப்படுகின்றன.

மாடு, ஆடு ஆகியவற்றை விடக் குதிரையில் இத்தேர்வு கூடுதல் கவனத்தைக் கோருவது. பெட்டைக் குதிரை ஏறத்தாழ 340 நாட்கள் சினையாக இருந்து ஒரு முறைக்கு ஒரு குட்டியையே ஈனுகின்றது. அக்குட்டி மூன்று அல்லது நான்கு வயதில்தான் முழுமையாக வேலைக்கு வரும். அதன் பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். எனவே ஒரு நாளில் செய்யப்படும் தவறான தேர்வின் விளைவைப் பல ஆண்டுகள் சுமக்க நேர்கின்றது. அதனைச் சுமப்பது உரிமையாளர் மட்டுமன்று, அந்தக் குதிரையும்தான்.

இக்கட்டுரை பொதுவான முறைகளை விளக்குவதுடன், கிருட்டிணகிரி மாவட்டத்தின் பர்கூர், ஓசூர் பகுதிகளையும் அண்டைய கருநாடகப் பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது. பர்கூர் என்ற பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வரும் பர்கூர் மாடு இவ்வூரைச் சேர்ந்தது அன்று. அது ஈரோடு மாவட்டம் அந்தியூர் வட்டத்திலுள்ள பர்கூர் மலையைச் சேர்ந்த இனம். இரண்டு ஊர்களையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை அச்சு நூல்களிலும் காணப்படுகின்றது.

வரலாறு

தமிழகத்துக்கெனத் தனிக் குதிரை இனம் எதுவும் இல்லை. இந்தியாவில் பதிவு பெற்ற மார்வாரி, கத்தியவாரி, கச்சி-சிந்தி, சுபித்தி, சன்சுகாரி, பூட்டியா, மணிப்புரி முதலிய இனங்கள் அனைத்தும் மேற்கு, வடக்கு, வடகிழக்குப் பகுதிகளைச் சேர்ந்தவை. குதிரைகள் கடல் வழியாக வந்திறங்கியதைச் சங்க நூலான பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. அன்று தொடங்கிப் பல நூற்றாண்டுகள் தமிழக அரசர்கள் வளர்த்தெடுப்பதை விட வாங்குவதையே நம்பியிருந்தனர்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஓர்முசு, ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்கு வந்ததையும், அவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முடியும் முன்னரே இறந்ததையும் எழுதியுள்ளார். இக்கட்டுரைக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்றும் அவரிடம் உண்டு. நல்ல உயரமான பெட்டையை உயர்ந்த ஆண்குதிரையுடன் சேர்த்தாலும், கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டியே இந்நாட்டில் பிறக்கின்றது என்பது அவர் கூற்று. இதற்கு அவர் காட்டும் காரணம் தட்பவெப்பம். ஆனால் குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டப்பட்டதாகவும், குதிரை மருத்துவம் அறிந்தோர் இந்நாட்டுக்கு வராதபடி வணிகர்கள் தடுத்ததாகவும் அவரே கூறுகின்றார். அரிசியில் பாசுபரசு மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அவ்விகிதம் குலைந்தால் வளரும் குட்டியின் எலும்பு நேராக உருவாகாது என்பது இன்றைய கால்நடை ஊட்டவியலின் பாடம். மார்க்கோ போலோ கண்ட கோணற்கால் பொலிகுதிரையின் பிழையாக இல்லாமல் தீவனத்தின் பிழையாக இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. தந்தையைத் தேர்வதால் மட்டும் குட்டி சிறப்பதில்லை என்பதற்கு இதைவிடப் பழைய தமிழகச் சான்று கிடைப்பது அரிது.

விசயநகரக் காலத்திலும் இறக்குமதி தொடர்ந்தது. போர்த்துக்கீசக் குதிரை வணிகரான நூனிசு, சாளுவ நரசிம்மன் உயிருள்ள குதிரைக்கும் கடலில் இறந்த குதிரைக்கும் ஒரே விலை கொடுத்ததாகவும், இறந்ததற்குச் சான்றாக வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும் என்றும் குறிப்பிடுகின்றார். இவ்வளவு செலவு செய்த அரசுகள் உள்நாட்டில் முறையான இனப்பெருக்கத்தை நிலைநிறுத்தவில்லை.

தென்னிந்தியாவில் இன்றும் அறியப்படும் பழமையான குதிரைப் பண்ணை கருநாடகத்தின் தும்கூர் மாவட்டத்திலுள்ள குனிகல் ஆகும். இது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் தம் குதிரைப் படைக்காக அமைத்ததாகக் கூறப்படுகின்றது. பின்னர் பிரித்தானியப் படையின் தேவைக்கும், 20ஆம் நூற்றாண்டில் பந்தயக் குதிரை வளர்ப்புக்கும் பயன்பட்டது. தமிழகப் பகுதியில் ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824ஆம் ஆண்டு படைக்குக் குதிரை வழங்குவதற்கான பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. சுமார் 1,640 ஏக்கர் பரப்புடைய இந்நிலமே பின்னாளில் ஓசூர் அரசு கால்நடைப் பண்ணையாக மாறியது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மிதமான வெப்பநிலையும் புல்வெளியும் குதிரைக்கு ஏற்றவை என்பது இத்தேர்வுக்குக் காரணமாகலாம். 19ஆம் நூற்றாண்டில் ஆசுத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலிருந்து ‘வேலர்’ எனப்பட்ட குதிரைகள் சென்னைக்குக் கப்பலில் வரத் தொடங்கியதும், படை மீண்டும் வாங்கும் வழக்கத்துக்கே திரும்பியது.

பொலிகுதிரையைத் தேடி உயிர் விட்டவர் ஒருவரும் இந்திய வரலாற்றில் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரிலுள்ள பூசாவில் நடத்திய குதிரைப் பண்ணைக்கு 1808இல் பொறுப்பாளராக வந்தவர் வில்லியம் மூர்கிராப்ட் என்னும் கால்நடை மருத்துவர். பண்ணையிலிருந்த ஆண்குதிரைகள் படைக்கு வேண்டிய உயரமும் எலும்பு வலிமையும் கொண்ட குட்டிகளைத் தரவில்லை எனக் கண்ட அவர், நடு ஆசியாவின் துருக்மேனியக் குதிரைகளே தீர்வு என நம்பினார். அதற்காக 1819இல் புறப்பட்டு லடாக், காசுமீர், காபூல் வழியாக 1825இல் புகாராவை அடைந்தார். எண்ணியபடி குதிரைகள் அங்குக் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் இறந்தார். பூசா பண்ணையும் பின்னர் மூடப்பட்டது. அவ்விடத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்ததே பூசா வேளாண் ஆய்வு நிலையம்.

பெட்டையை அறிதல்

தேர்வு பொலிகுதிரையில் தொடங்குவதில்லை. பெட்டைக் குதிரையில் தொடங்குகின்றது. பெட்டையின் நிறை குறைகளை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றுக்கேற்ற ஆண்குதிரையைத் தேடுவதே முறை. மிக அழகான ஆண்குதிரையைப் பார்த்துவிட்டு அதன் பிறகு பெட்டையைப் பற்றி நினைப்பவர்களே பெரும்பாலோர்.

இனப்பெருக்கத்துக்கு விடத் தகாத பெட்டைகளும் உண்டு. காயத்தால் நொண்டும் பெட்டையை விடலாம். காயம் மரபாகக் கடத்தப்படுவதில்லை. ஆனால் சிறு உழைப்புக்கே கால் பழுதாகும் பெட்டை, மேல்தாடை கீழ்த்தாடையை விட நீண்டு கிளிமூக்கு போல் அமைந்த பெட்டை, கட்டுப்படுத்த முடியாத மூர்க்கமுடைய பெட்டை ஆகியவற்றை விடுவது முறையன்று. பிறப்புறுப்பின் அமைப்புக் கோணலாக இருந்தால் சாணத்தின் கிருமிகள் கருப்பையை அடைந்து கருச்சிதைவு நேரலாம். சவாரிக்கு உதவாமற் போயிற்று, எனவே குட்டியாவது ஈனட்டும் என்ற காரணம் பரவலாகச் சொல்லப்படுகின்றது. அதுவே மிக வலுவற்ற காரணமும் ஆகும்.

உடலமைப்பு

ஒரே குறை இரு பக்கத்திலும் இருக்கக் கூடாது என்பது முதல் விதி. முன்னங்கால் முட்டி வெளிப்புறம் விலகிய பெட்டைக்கு அதே குறையுள்ள ஆண்குதிரையைச் சேர்த்தால் குட்டியிலும் அது வருவதற்கான வாய்ப்பு மிகும்.

ஒரு குறையை அதற்கு எதிரான குறையால் சரி செய்ய முடியாது என்பது அடுத்தது. பின்னங்கால் அரிவாள் போல் மிகையாக வளைந்த பெட்டைக்கு, கம்பம் போல் மிகையாக நேரான பின்னங்கால் கொண்ட ஆண்குதிரையைச் சேர்த்தால் நடுத்தரமான குட்டி பிறக்கும் எனப் பலர் எதிர்பார்க்கின்றனர். மரபணுக்கள் வண்ணக் கலவை போல் ஒன்றில் ஒன்று கரைவதில்லை. குட்டி தாயைப் போலவோ தந்தையைப் போலவோ அமையலாம். கழுத்தும் காலும் ஒன்றுக்கொன்று பொருந்தாமலும் அமையலாம். வளைந்த காலுள்ள பெட்டைக்கு வேண்டியது சரியான காலுள்ள ஆண்குதிரையே.

குளம்பின் தரம் கிருட்டிணகிரி வட்டாரத்துக்குத் தனியாகக் கருத வேண்டியது. கருங்கல் வெட்டுக்குப் பெயர் பெற்ற இப்பகுதியின் தரை கல்லும் சரளையும் மிகுந்தது. மெல்லிய சுவரும் தட்டையான அடியும் கொண்ட குளம்பு பந்தயத் திடலின் புல்தரையில் பெரிய குறையாகத் தெரியாது. பர்கூரின் கரட்டு நிலத்தில் அது நொண்டலாக வெளிப்படும். வறண்ட நாட்டில் உருவான கத்தியவாரி, மார்வாரி இனங்கள் பொதுவாகக் கடினக் குளம்புக்குப் பெயர் பெற்றவை. பந்தயத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட தரோபிரெட் இனத்தில் மெல்லிய குளம்பு அடிக்கடி காணப்படுகின்றது. பெங்களூரிலிருந்து ஓய்வு பெற்ற பந்தயப் பெட்டையை வாங்கி வைத்திருப்பவர் பொலிகுதிரையைத் தேடும்போது முதலில் அதன் காலை மடக்கிக் குளம்பைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பின்னர் பார்க்கலாம்.

உயரம்

சிறிய பெட்டைக்குப் பெரிய ஆண்குதிரையைச் சேர்த்தால் குட்டி வயிற்றில் பெரிதாகி ஈனும்போது தாய் இறந்துவிடும் என்ற அச்சம் பரவலானது. இதனை ஆராய்ந்தவர்கள் கேம்பிரிட்சைச் சேர்ந்த வால்டன், ஆமண்ட் ஆகியோர். மிகப் பெரிய சயர் இனத்தையும் மிகச் சிறிய செட்லாந்து மட்டக்குதிரையையும் செயற்கைக் கருவூட்டல் மூலம் இருவழியிலும் கலந்து, 1938இல் முடிவுகளை வெளியிட்டனர். சயர் தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டி, செட்லாந்து தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுடன் இருந்தது. இரண்டுக்கும் மரபணுப் பங்கு ஒன்றே. ஆகவே பிறக்கும்போதுள்ள அளவை முதன்மையாக வரையறுப்பது தாயின் கருப்பை எனத் தெளிவாயிற்று.

இதனால் உயர வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று கொள்ளலாகாது. இயற்கை முறையில் சேர்க்கும்போது மிகை எடையுள்ள ஆண்குதிரையால் பெட்டைக்குக் காயம் நேரலாம். மேலும் சிறிய தாயின் வயிற்றில் சுருங்கி வளர்ந்த குட்டி, தந்தையின் முழு உயரத்தை எட்டுவதில்லை. உயரத்தை விரும்புபவர் உயரமான ஆண்குதிரையைத் தேடுவதை விடச் சற்று உயரமான பெட்டையைக் கொள்வது பயன் தரும்.

கால்வழியும் உழைப்பும்

பொலிகுதிரையின் மதிப்பை அறிய மூன்று சான்றுகள் உள்ளன. அதன் முன்னோர், அதன் சொந்தச் செயல்திறன், அதன் குட்டிகள். இவற்றுள் மூன்றாவதே மிக நம்பத்தக்கது. ஆனால் அது கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இளம் பொலிகுதிரையை முன்னோரையும் செயல்திறனையும் கொண்டே மதிப்பிட வேண்டியுள்ளது.

இம்மூன்றும் எப்போதும் ஒத்துப் போவதில்லை. 1973இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட்டின் ஆண் குட்டிகளுள் அதற்கு நிகரானது எதுவும் தோன்றவில்லை. அதன் பெண் குட்டிகளோ ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி போன்ற பெரும் பொலிகுதிரைகளுக்குத் தாயாயின. மாறாக, நார்தர்ன் டான்சர் குட்டியாக விற்பனைக்கு வந்தபோது உருவம் சிறிதென்று 25,000 டாலருக்குக்கூட விலை போகவில்லை. அது 1964இல் கென்டக்கி டெர்பியை வென்றது. இன்றைய தரோபிரெட் குதிரைகளுள் பெரும் பகுதியின் கால்வழியில் அதன் பெயர் காணப்படுகின்றது.

இந்தியாவில் இதற்கு ஒத்த எடுத்துக்காட்டு ராசீன். நார்தர்ன் டான்சரின் மகனான இக்குதிரை 1990ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் வெல்லும் என மிகுதியாக எதிர்பார்க்கப்பட்டு, மிகவும் பின்தங்கியே முடித்தது. பின்னர் அரியானாவிலுள்ள உசா பண்ணைக்குக் கொண்டுவரப்பட்டு, இந்தியாவின் முதன்மைப் பொலிகுதிரையாகப் பல ஆண்டுகள் விளங்கியது. டெர்பியில் வென்றிருந்தால் அது இந்தியாவுக்கு வந்திருக்காது.

நாட்டுக் குதிரைகளைப் பொறுத்தவரை எழுதப்பட்ட கால்வழி பெரும்பாலும் கிடைப்பதில்லை. சந்தையில் விற்பவர் சொல்லும் வாய்மொழியே சான்று. தமிழகத்தின் புகழ்பெற்ற குதிரைச் சந்தை, ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடுவது. மார்வாரி, கத்தியவாரி எனச் சொல்லப்படும் குதிரைகள் அங்கு விற்பனைக்கு வருகின்றன. அரைவட்டமாக உள்நோக்கி வளைந்து நுனி தொடும் காது இவ்விரு இனங்களின் அடையாளம். ஆயினும் வளைந்த காது மட்டும் தூய இனத்துக்குச் சான்றாகாது; கலப்புக் குட்டிகளிலும் அது தோன்றும்.

நெருங்கிய உறவும் மரபு நோயும்

ஆண்குதிரைகள் குறைவாக உள்ள வட்டாரத்தில் நெருங்கிய உறவுள்ளவை அறியாமலே இணைகின்றன. தந்தையும் மகளும் இணைந்தால் பிறக்கும் குட்டியின் உட்கலப்பு அளவு 25 விழுக்காடு. ஒரே தந்தைக்கு வேறு தாய்களிடம் பிறந்தவை இணைந்தால் 12.5 விழுக்காடு. ஒரு நல்ல குதிரையின் பண்புகளை நிலைநிறுத்தப் பண்ணையாளர் சிலர் வேண்டுமென்றே உறவுக்குள் சேர்ப்பதுண்டு. மறைந்திருக்கும் ஒடுங்கு மரபணுக்கள் இருபுறமிருந்தும் சந்தித்து நோயாக வெளிப்படுவதும் அதே வழியில்தான்.

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் குதிரை, மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை சுமார் 3.4 லட்சம். இது 2012இல் இருந்ததை விட 45 விழுக்காட்டுக்கு மேல் குறைவு. எண்ணிக்கை சுருங்கும்போது உட்கலப்பு தானாகவே பெருகும். எண்ணிக்கை மிகுந்த இடத்திலும் இச்சிக்கல் உண்டு. புகழ் பெற்ற ஒரே பொலிகுதிரையை எல்லோரும் நாடுவதே அங்குக் காரணம். அமெரிக்காவின் சாக்கி கழகம் ஒரு பொலிகுதிரை ஆண்டுக்கு 140 பெட்டைகளுக்கு மேல் சேரக் கூடாதென 2020இல் விதி வகுத்து, பண்ணையாளர் எதிர்ப்பால் 2022இல் திரும்பப் பெற்றது.

தனி ஒரு குதிரையால் நோய் பரவியதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 1969இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்னும் அமெரிக்கக் குவார்ட்டர் இனக் குதிரை. தசை திரண்ட அதன் தோற்றத்துக்காக ஆயிரக்கணக்கான குட்டிகள் பெறப்பட்டன. குருதியில் பொட்டாசியம் திடீரென உயர்ந்து தசை நடுங்கி விழச் செய்யும் நோயின் மரபணு அதனிடம் இருந்தது பின்னரே அறியப்பட்டது. அந்நோய் மரபணு ஓங்கு தன்மை உடையதால், பெற்றோருள் ஒன்றிடம் இருந்தாலே குட்டிக்கு வரக்கூடும். அராபியக் குதிரைகளில் நோயெதிர்ப்பு ஆற்றலே இல்லாமல் குட்டி சில மாதங்களில் இறக்கும் ஒடுங்கு நோய் ஒன்று உள்ளது. தாய் தந்தை இரண்டும் நலமாகத் தோன்றியபடியே அதனைக் கடத்தக்கூடும். இவற்றுக்கு இன்று மயிர் அல்லது குருதி மாதிரியைக் கொண்டு மரபணுச் சோதனை செய்ய இயலும்.

நிறமும் சுழியும்

நிறத்தைக் கொண்டு பொலிகுதிரையைத் தேர்வது அறிவியல் நூல்களில் கண்டிக்கப்பட்டாலும், சந்தை விலையை நிறமே பெரிதும் முடிவு செய்கின்றது. நிற மரபின் சில விதிகள் உறுதியானவை. செந்நிறப் பெற்றோர் இரண்டுக்கும் செந்நிறக் குட்டியே பிறக்கும். பிறக்கும்போது வேறு நிறமாயிருந்து வயது ஏற ஏற வெளுக்கும் சாம்பல் வகை, பெற்றோருள் ஒன்றேனும் அவ்வகையாக இருந்தாலன்றித் தோன்றாது. அது ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிப்பதில்லை. பணம் கொடுத்துச் சேர்த்த பொலிகுதிரைக்குத்தான் குட்டி பிறந்ததா என்ற ஐயம் எழும்போது இவ்விதிகள் உதவுகின்றன. இத்தகைய சாம்பல் குதிரைகளுள் 15 வயதைக் கடந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாலடியிலும் பிறப்புறுப்பு அருகிலும் கருநிறக் கட்டிகள் தோன்றுகின்றன.

இளஞ்சிவப்புத் தோலுடைய வெள்ளைக் குதிரை திருமண ஊர்வலங்களுக்கு விரும்பப்படுகின்றது. அத்தகைய தோல் தமிழக வெயிலில் எளிதில் கன்றிப் புண்ணாகும். அமெரிக்காவின் பெயிண்ட் இனத்தில், உடலில் வெள்ளைத் திட்டுகளை உண்டாக்கும் ஒரு மரபணு இருபுறமிருந்தும் சேர்ந்தால், முழு வெள்ளையாகப் பிறக்கும் குட்டிக்குக் குடலில் நரம்புகள் உருவாகாமல் சில நாட்களில் இறந்துவிடுகின்றது. நிறத்துக்காக மட்டும் தேர்வதன் விலை சில வேளைகளில் இதுவாகும்.

சுழி பார்த்தல் இந்தியா முழுவதும் உள்ள வழக்கம். சாலிகோத்திரர், நகுலன் ஆகியோர் பெயரில் வழங்கும் வடமொழிக் குதிரை நூல்கள் மயிர்ச்சுழிகளின் இடத்தையும் அவற்றின் பலன்களையும் விரிவாகக் கூறுகின்றன. சுழி என்பது கருவில் தோல் வளரும்போது மயிர் அமையும் திசையால் ஏற்படுவது. உரிமையாளரின் நன்மை தீமையுடன் அதற்குத் தொடர்பு இல்லை. ஆனால் தவறான சுழியுள்ள குட்டியை விற்பது கடினம் என்பது மெய்யாதலால், நம்பாதவரும் சுழியைப் பார்க்கின்றனர். மேலும் சுழிகளின் அமைப்பு ஒவ்வொரு குதிரைக்கும் வேறுபடுவதால், அடையாளச் சான்றுகளில் அவற்றைக் குறித்து வைப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை.

கருவுறச் செய்யும் ஆற்றல்

தோற்றத்தில் சிறந்த பொலிகுதிரை மலடாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவர் இரு விரைகளும் பையில் இறங்கியுள்ளனவா, அளவு போதுமா என முதலில் பார்ப்பார். ஒரு விரை மட்டும் இறங்கிய குதிரை குட்டி தரக்கூடும். ஆயினும் அக்குறை மரபாக வரக்கூடியது என்பதால் அதனைத் தவிர்ப்பர். அடுத்து ஒரு மணி நேர இடைவெளியில் இரு முறை விந்து எடுத்துச் சோதிக்கப்படும். இரண்டாம் மாதிரியில், முன்னோக்கி நகரும், இயல்பான வடிவமுடைய விந்தணுக்கள் 100 கோடியாவது இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 57 நாட்கள் ஆகின்றன. எனவே கடும் காய்ச்சல் கண்ட பொலிகுதிரை நலமடைந்து துள்ளித் திரிந்தாலும், இரண்டு மாதங்கள் வரை அதன் கருவூட்டும் ஆற்றல் குன்றியிருக்கக்கூடும்.

பெட்டைக் குதிரை பகற்பொழுது நீளும் காலத்தில் பருவத்துக்கு வரும் விலங்கு. பருவச் சுற்று 21 அல்லது 22 நாட்கள். அதில் 5 முதல் 7 நாட்கள் ஆண்குதிரையை ஏற்கும். பருவம் முடிவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன்னர் சினைமுட்டை வெளிப்படுகின்றது. ஓசூர், பர்கூர் போன்ற நிலநடுக்கோட்டுக்கு அண்மையான இடங்களில் கோடைக்கும் குளிருக்கும் பகல் நீள வேறுபாடு குறைவாதலால், பருவம் ஓய்ந்திருக்கும் காலமும் வடநாட்டை விடக் குறுகியது. இரட்டைக் கரு குதிரையில் பெரும்பாலும் கருச்சிதைவில் முடியும். ஆகவே சேர்த்த 14 முதல் 16 நாட்களுக்குள் மீயொலிச் சோதனை செய்து இரட்டை உள்ளதா என அறிவது நன்று.

தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலால் பிறந்த குட்டி உலகில் எங்கும் பதிவு பெறாது. இயற்கைச் சேர்க்கை மட்டுமே ஏற்கப்படும். புனேயிலிருந்து பேணப்படும் இந்தியக் கால்வழிப் பதிவேட்டுக்கும் இவ்விதி பொருந்தும். நாட்டு இனங்களுக்கு இத்தடை இல்லை. 1985இல் அரியானாவின் இசாரில் நிறுவப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உறைவிந்து முறையை நாட்டு இனங்களில் பயன்படுத்தி வருகின்றது. அதன் பிக்கானேர் வளாகத்தில் 2023 மே மாதம் கரு மாற்று முறையில் ராச்-பிரதமா என்னும் மார்வாரிக் குட்டி பிறந்தது. எனினும் மாட்டுக்கு ஊர்தோறும் கிடைப்பது போல் குதிரைக்கான உறைவிந்து தமிழகத்தில் எளிதில் கிடைப்பதில்லை. கிருட்டிணகிரியில் பெட்டை வைத்திருப்பவருக்கு, வண்டியில் ஏற்றிக் கொண்டுசெல்லும் தொலைவில் உள்ள பொலிகுதிரையே பெரும்பாலும் வழி.

நோய்

சேர்க்கையின் வழியாகவும், சேர்க்கைக்காக ஒன்றாகக் கட்டப்படுவதாலும் பரவும் நோய்கள் பல. 1977இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் முதன்முதலில் கண்டறியப்பட்ட தொற்றுக் கருப்பை அழற்சியில், பொலிகுதிரை எவ்வித அறிகுறியும் காட்டாமலே பல பெட்டைகளுக்குக் கிருமியைக் கடத்தும். பருவத் தொடக்கத்தில் ஆண்குறியிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பது இதனாலேயே.

இந்தியாவில் தனிக் கவனத்துக்குரியது கிளாண்டர்சு. பல ஆண்டுகள் அடங்கியிருந்த இந்நோய் 2006இல் மகாராட்டிரத்தில் மீண்டும் தோன்றிப் பல மாநிலங்களில் காணப்பட்டது. மூக்கில் புண், சீழ், தோலடியில் முடிச்சுகள் ஆகியவை அறிகுறிகள். மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், 2009இன்படி இது அறிவிக்கப்பட வேண்டிய நோய். உறுதி செய்யப்பட்ட குதிரை கருணைக்கொலை செய்யப்படும். பல மாநிலக் குதிரைகள் கூடும் சந்தையிலேயே பெட்டையைச் சேர்ப்பது, எவ்வளவு நல்ல ஆண்குதிரையானாலும், தவிர்க்கத்தக்கது. கிளாண்டர்சு, குதிரைத் தொற்றுச் சோகை ஆகிய இரண்டுக்கும் அண்மையில் செய்த குருதிச் சோதனைச் சான்றைக் கேட்பது பெட்டையின் உரிமையாளருக்குரிய உரிமை. பொலிகுதிரையின் உரிமையாளரும் அதையே திருப்பிக் கேட்கலாம்.

குருதி வகைப் பொருத்தமின்மை

குறைவாக அறியப்பட்ட இடர் இது. பெட்டையிடம் இல்லாத குருதிக் காரணி ஒன்று பொலிகுதிரையிடம் இருந்து குட்டிக்கு வந்தால், அதற்கெதிரான எதிர்ப்பொருள்கள் தாயின் உடலில் உருவாகலாம். குதிரையில் அவை கருவைச் சேர்வதில்லை, சீம்பாலில் சேர்கின்றன. நலமாகப் பிறந்த குட்டி முதற்பால் குடித்த ஓரிரு நாட்களில் மஞ்சள் காமாலையும் சோகையும் கண்டு இறக்கின்றது. பெரும்பாலும் முதற் குட்டிக்கு நேராமல் அடுத்தடுத்த குட்டிகளுக்கே நேர்வதால், கண்ணேறு எனவோ பாலில் நஞ்சு எனவோ ஊரார் கருதுவதுண்டு. கழுதையைக் கொண்டு கோவேறு கழுதை ஈனச் செய்யும் பெட்டைகளில் இது கூடுதலாக நேர்கின்றது.

ஒரு முறை இவ்வாறு குட்டியை இழந்த பெட்டைக்கு, குருதிப் பொருத்தம் பார்த்து வேறு பொலிகுதிரையைத் தேர்ந்தெடுக்கலாம். அதே பொலிகுதிரையைச் சேர்க்க வேண்டியிருந்தால், பிறந்த குட்டிக்கு வாய்ப்பூட்டு இட்டு முதல் இரண்டு நாட்கள் தாயிடம் குடிக்க விடாமல், வேறொரு பெட்டையின் சீம்பாலைப் புகட்டுவர். அந்நாட்களில் தாயின் பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும்.

குணமும் உடன்படிக்கையும்

குணம் ஓரளவு மரபாக வருவது. குட்டி ஆறு மாதங்கள் தாயுடனே திரிவதால் தாயிடமிருந்து கற்பதும் மிகுதி. பொலிகுதிரையைப் பார்க்கப் போகும்போது, பெட்டை அருகில் இல்லாத வேளையிலும் அதனைப் பார்க்க வேண்டும். பெட்டையின் மணத்தில் கனைத்து எழுவது இயல்பு. தனியே கட்டியிருக்கும்போதும் கடிக்க வருவது இயல்பன்று. தீவனம் வைப்பவரிடம் அது எப்படி நடந்துகொள்கின்றது என்பதே நல்ல அளவுகோல். உரிமையாளர் முன்னிலையில் எல்லாக் குதிரையும் சற்று அடக்கமாகவே நிற்கும்.

சேர்க்கைக் கட்டணத்தை எப்போது கொடுப்பது என்பதை முன்னரே எழுதிக்கொள்வது நல்லது. பெரிய பண்ணைகளில் குட்டி உயிருடன் பிறந்து எழுந்து நின்று பால் குடித்தால் மட்டுமே முழுக் கட்டணம் என்ற முறை உண்டு. சிற்றூர்களில் சேர்த்த அன்றே பணம் பெறப்படுகின்றது. சினை பிடிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் கட்டணமின்றிச் சேர்ப்பது வழக்கம். எழுதி வாங்காத இவ்வழக்கம், இடையில் பொலிகுதிரை விற்கப்பட்டுவிட்டால் பயனற்றதாகிவிடும்.